வெயிலில்லாக் கொல்லையில் டிசம்பர் பூ

பாலக்கரையில் வஹீதாவின் வீட்டுக் கொல்லைக்கு வெயில் என்பது பக்கத்து மாடிக்காரர் பார்த்துப் போடும் பிச்சைதான். மல்லிகை வைத்தாள், இலை விட்டதோடு சரி. ரோஜா அழுகியே போனது. கடைசியில் ஸ்ரீரங்கத்துத் தோழி சுபஸ்ரீ ஒடித்துக் கொடுத்த டிசம்பர் பூக் கொம்புதான் அந்த இருட்டிலும் வேர் பிடித்தது. அரிசி கழுவிய தண்ணீரைக் குடித்தே இடுப்புயரப் புதரானது. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். பனி விழத் தொடங்கினால் கொல்லையே ஊதாவாகிவிடும்.

அந்த ஊதாவை அவள் கணவன் வசீம் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. குவைத்தில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்குப் பள்ளி மூடும் ஜூலையில்தானே லீவு. இந்த வருடம் கம்பெனி மாறியதில் நடுவே இரண்டு மாதம் கிடைத்தது. நவம்பர் கடைசியில் வந்து இறங்கிவிட்டான். வஹீதாவுக்குத் தலைகால் புரியவில்லை. செடியில் இலைக்கடியில் மொட்டு கொத்துக் கொத்தாக ஒளிந்து நின்றது. பூத்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள், பைத்தியக்காரி.

சனிக்கிழமை பிரியாணிக்குச் சாமான் வாங்க காந்தி மார்க்கெட் போய்த் திரும்பினால், செடி இருந்த இடத்தில் வெறும் மண். வசீம் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பெருமை.

"எடம் எப்படி ஆயிடுச்சு பாத்தியா? நாளைக்கே சிமெண்ட் போட்டு பைக்க நிறுத்திடலாம்."

"செடி எங்கங்க?"

"அதுவா? நான் வர்றப்பல்லாம் வெறும் எலதான். பூக்காத செடிக்கு எதுக்கு இவ்ளோ எடம்? பாம்பு வந்து அடையும்."

மூலையில் குவிந்து கிடந்த கிளைகளை அவள் புரட்டினாள். மொட்டுகளின் நுனியில் ஊதா எட்டிப் பார்த்தது. வசீமும் அதைப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

"சொல்லவே இல்லியே வஹீதா."

"வருஷா வருஷம் போட்டோ அனுப்புனேனேங்க."

அவன் போனை எடுத்துப் பழைய மெசேஜ்களுக்குத் தள்ளிக்கொண்டே போனான். போன டிசம்பர் வந்தது. அவள் அனுப்பிய படங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைக்கூட அவன் திறந்திருக்கவில்லை. எல்லாம் மங்கலாக, நடுவில் டவுன்லோட் அம்புக்குறியோடு நின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே மட்டும் தவறாமல் பதில் இருந்தது: 'மாஷா அல்லாஹ், சூப்பர்.'

செடி போனதைக்கூட வஹீதா பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த 'சூப்பரை' எத்தனை முறை எடுத்து எடுத்துப் படித்துப் பூரித்தோம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அங்க டேட்டா கம்மிடி," என்று முனகியபடி அவன் அம்புக்குறியைத் தொடப் போனான்.

"வேணாங்க," என்றாள். "போன உள்ள வைங்க."