மாஸ்டர் காரின் இரண்டு கிளட்ச்

மாஸ்டர் அந்தக் காரை நான்காவது முறையாகப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, இரண்டாவது கியர் விழுந்த சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. நறநறவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று தடவை பார்த்து, மூன்று தடவையும் "சரியாயிடுச்சு" என்று சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிய வண்டி அது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மெக்கானிக்கின் அக்கா புருஷன். இருபத்திரண்டு வருஷத்தில் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நடுவிலேயே ஓடிப்போனவர்கள். ஸ்கூல் என்று பெரிதாகச் சொன்னாலும் இருப்பது ஒரு கார், ஒரு போர்டு, ஒரு மாஸ்டர், அவ்வளவுதான். அக்கா வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு காரால். அதனால்தான் வண்டி பட்டறைக்கு வந்தால் அக்காவும் பின்னாலேயே போனில் வந்துவிடுவாள். வண்டிக்கு என்ன என்பது முதல் கேள்வி. தம்பி சாப்பிட்டானா என்பதெல்லாம் அப்புறம்.

முதல் தடவை கியர் ஆயிலை மாற்றினான். இரண்டாவது தடவை கிளட்ச் கேபிளை மாற்றினான். மூன்றாவது தடவை கியர் பாக்ஸையே இறக்கி, கிளட்ச் பிளேட்டிலிருந்து ஒவ்வொரு பல்சக்கரம் வரைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். தேய்மானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. திரும்பப் பூட்டி, தனியாக எடுத்துக்கொண்டுபோய் நாலு தெரு சுற்றினான். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அவர் வாய் ஓயாது, சத்தமும் காதில் விழாது என்பது அவன் கொள்கை. அந்தக் கொள்கைதான் அவனை மூன்று தடவையும் ஏமாற்றியது.

"படிக்க வர்றவங்கதான் மாப்ள கெடுக்கறாங்க," என்றார் மாஸ்டர், சாவியை நீட்டியபடி. "கிளட்ச்ச பாதி மிதிச்சுட்டு கியரப் போட்டு இழுக்கறது."

"அவங்க ஓட்டும்போது சத்தம் வருதா மாமா?"

மாஸ்டர் யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை அது.

"வராது. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும்போதுதான் வரும்."

மெக்கானிக் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. "அப்போ நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்றேன்."

ஸ்கூல் கார் என்பதால் பக்கத்து சீட்டின் கீழேயும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. இரண்டு பக்கத்துப் பெடல்களையும் அடியில் ஒரு கம்பி இணைக்கிறது. ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கத்துப் பெடலும் அதே அளவு இறங்கும். படிக்க வருகிறவர் தப்பு செய்தால் மாஸ்டர் மிதித்துக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு.

பட்டறை வாசலைத் தாண்டி முதல் திருப்பத்தில் சத்தம் வந்தது. மெக்கானிக் கியர் கம்பியைப் பார்த்தான். மாஸ்டரின் கை நிதானமாகத்தான் இருந்தது. அடுத்த கியருக்கு அவர் போனபோது தற்செயலாகக் கீழே பார்த்தான். அவன் காலடியில் இருந்த கிளட்ச் பெடல் தானாக இறங்கியது. பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் லேசாக நடுங்கியது.

சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தான். வயசானால் எல்லாரும் செய்வதுதானே. ஆனால் அடுத்த கியருக்கும் பெடல் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்ததற்கும் அப்படியே. "முழுசா மிதி, முழுசா மிதி" என்று இருபத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்திய மனிதர் இவர்.

அடுத்த திருப்பம் வந்தபோது, அவருக்குத் தெரியாமல் தன் காலைத் தன் பக்கத்துக் கிளட்சின்மேல் வைத்து மிச்சத்தையும் மிதித்தான். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? நீ ஏறினதும் வண்டிக்கு பயம் வந்துருச்சு."

சிரித்திருக்க வேண்டும். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலை எடுத்துவிட்டான். அடுத்த கியருக்கு மறுபடியும் நறநற. மாஸ்டரின் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்க அவனுக்குப் பாவமாகவும் பயமாகவும் இருந்தது.

சிக்னலில் நின்றார்கள். முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி மாஸ்டர் காத்திருந்தார். ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் சாலையைக் கடந்தாள். அவன் காலடியில் பெடல் மெதுவாக மேலே வர ஆரம்பித்தது. யாரும் எடுக்கவில்லை, அதுவாக வந்தது. கார் ஒரு குதி குதித்தது. மெக்கானிக் இரண்டு காலாலும் தன் பக்கத்துக் கிளட்சையும் பிரேக்கையும் தரையோடு மிதித்தான். சின்னப் பிள்ளைக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அந்த அம்மா கண்ணாடி வழியாக மாஸ்டரை எரித்துவிடுவது போல் பார்த்தாள்.

"கேபிள் வழுக்குது மாப்ள," என்றார் மாஸ்டர். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "பாத்தல்ல?"

திரும்பி வரும் வழி முழுக்க மெக்கானிக் தன் காலைக் கிளட்ச்மேலேயே வைத்திருந்தான். கியர் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. இந்தத் தடவை மாஸ்டரின் முகம் மலரவில்லை.

பட்டறைக்குள் வந்து எஞ்சினை அணைத்தபிறகு கேட்டான்.

"கிளட்ச்ச மிதிங்க மாமா. முழுசா."

"மிதிச்சுட்டேன்."

"தரைய முட்டுதா?"

"முட்டிருச்சு. இதுக்குமேல எங்க போறது?"

மெக்கானிக் குனிந்து, தன் பக்கத்துப் பெடலுக்கு அடியில் கையைக் குறுக்காக விட்டான். நாலு விரல் தாராளமாக நுழைந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் தன் இடது முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினார். பெடல் இறங்கி வந்து மெக்கானிக்கின் விரல்களைத் தரையோடு நசுக்கியது. அவன் கையை எடுக்கவில்லை. மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. விட்டுவிட்டார்.

"எத்தன நாளா மாமா?"

"இன்னொரு தடவ பிரிச்சுப் பாரு மாப்ள."

"டாக்டர்கிட்ட ஒரு நடை..."

"பிரிச்சுப் பாருன்னேன். வண்டியிலதான் இருக்கும். நாலு மணிக்கு ஒரு பொண்ணு கிளாஸுக்கு வரும். புதுசு. இன்னிக்குத்தான் முதல் தடவயா ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

அந்தப் பெண் யாரென்று மெக்கானிக்குக்குத் தெரியாது. அவள் தப்பு செய்தால் பக்கத்து சீட்டிலிருந்து மிதித்துக் காப்பாற்ற வேண்டிய கால் எது என்று மட்டும் தெரியும்.

"சரி மாமா, பிரிக்கிறேன்," என்றான்.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினான். கியர் பாக்ஸில் தேட ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். கியர் பாக்ஸ் தரையில் கிடந்தால் வண்டி நகராது. நாலு மணிக்கும் நகராது, நாளைக்கும் நகராது. அக்கா வீட்டு அடுப்பைத் தன் கையாலேயே அணைக்கிறோம் என்று நினைத்தபோது ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது. மாஸ்டர் வாசலில் கிடந்த பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கியர் பாக்ஸ் இறங்கும் நேரத்தில் போன் அடித்தது. எண்ணெய்க் கையோடு எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டான்.

"பாத்தியாடா? வண்டிக்கு என்ன?" என்றாள் அக்கா.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லி வண்டியை அனுப்பியிருக்கிறான். அக்காவிடம் மட்டும் பொய் வரவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா."

போனை வைத்துவிட்டாளோ என்று அவன் பார்த்தபோது அவள் குரல் வந்தது.

"கோளாறு வண்டியிலதான் இருக்கணும்னு வேண்டிட்டிருந்தேன்டா."