பெரியப்பாவுக்கு வந்த விருது

அந்தக் கண்ணாடிக் கதவுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுதானால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வாசல் மணி பழுதானாலும், முதலாளியின் கைக்கடிகாரம் நின்றுபோனாலும்கூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். முதலாளி அவளுடைய சொந்தப் பெரியப்பா. "வெளி ஆளை வச்சா நம்பிக்கை இருக்காதும்மா" என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்த்தார். அவள் எதைச் சொன்னாலும் நேர்மாறாகச் செய்யும் அளவுக்கு அவள்மேல் நம்பிக்கை.

பெரியப்பா தனக்கு வந்த மெயில் எதையும் அழிக்க மாட்டார். வீடு தேடி வந்ததைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதா என்பது அவர் கட்சி. ஆர்டர், வரைபடம், வாடிக்கையாளர்களின் வசவு, வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெயின் விளம்பரம் எல்லாம் இன்பாக்ஸில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின.

கொஞ்ச நாளாக அவர் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. 'ஆபத்தான இணைப்பு உள்ளது. என்ன செய்யலாம்?' என்று ஆன்டிவைரஸ் மரியாதையாகக் கேட்டது. அவர் ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்பதை அமுக்கினார். பல் டாக்டருக்கும் பெரியம்மா சொல்லும் நடைப்பயிற்சிக்கும் அவர் சொல்லிவரும் பதிலும் அதுதான்.

"அது என்ன பெட்டி பெரியப்பா? நான் பார்க்கட்டுமா?"

"ஒண்ணுமில்ல. நீ போய் உன் வேலையைப் பாரும்மா."

அதுதான் தன் வேலை என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

ஒருநாள் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. 'அழி' என்பதை அமுக்கினார். அந்தப் பெட்டி ஒழியும் என்று நினைத்தார். இன்பாக்ஸே ஒழிந்துபோனது.

அவர் போட்ட சத்தத்தில் அவள் எச்சில் கையோடு ஓடிவந்தாள். திரை துடைத்துவிட்ட தட்டுமாதிரி இருந்தது.

"உன் ஆன்டிவைரஸ் என் மெயிலையெல்லாம் தின்னுடுச்சு!"

"நீங்க எதை அமுக்குனீங்க?"

"நான் எதையும் அமுக்கல. அதுவா அமுங்கிச்சு."

அதற்குள் பட்டறையிலிருந்து ஃபோர்மன் வந்து நின்றார். ஆஸ்பத்திரி வாசல் கதவுக்குக் கண்ணாடி அறுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒப்புக்கொண்ட அளவு பெரியப்பாவின் மெயிலில் இருக்கிறது. "குத்துமதிப்பா அறுத்துடவா சார்?" என்று கேட்டார். பெரியப்பா முறைத்த முறைப்பில் வந்த வழியே திரும்பினார்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, இந்த மெயில் புரோகிராம் எல்லா மெயிலையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கு. அதுல ஒண்ணுலதான் வைரஸ். ஆன்டிவைரஸுக்கு மூட்டையைப் பிரிக்கத் தெரியல, மூட்டையோட தூக்கிடுச்சு."

"ஒரு திருடனுக்காக ஊரையே ஜெயில்ல போடுவானா?"

"போட்டிருக்கு. நல்லவேளை, ஜெயில்லதான் இருக்கு. இன்னும் கொல்லல."

ஆன்டிவைரஸின் தடுப்புக் காவலைத் திறந்து, அந்த மூட்டையைப் பழைய இடத்திலேயே இறக்கினாள். மறுபடி தூக்கிவிடாமல் இருக்க அந்த ஓர் இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்க்காதே என்று ஆன்டிவைரஸிடம் சொல்லிவைத்தாள். மெயில்கள் வந்து சேர்ந்தன, முடி எண்ணெய் உட்பட. ஃபோர்மனுக்கு அளவு போயிற்று.

"இப்ப அந்தத் திருட்டு மெயிலைத் தேடணும்."

"அதான் எல்லாம் வந்துடுச்சே. நீ பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்த. போய்ச் சாப்பிடும்மா."

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சாப்பாட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதிலேயே சந்தேகம் வந்தது. தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, அவரே அதற்கு நட்சத்திரம் குத்தி வைத்திருந்தார்.

'இவ்வாண்டின் மாபெரும் தொழிலதிபராகத் தாங்கள் தேர்வாகியுள்ளீர்கள். சான்றிதழை இணைப்பில் திறந்து காண்க.' அனுப்பியவரின் முகவரி, கீபோர்டில் பூனை நடந்துபோனதுபோல் இருந்தது. பெரியப்பா நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தார். மேடைக்குக் குடும்பத்தில் எத்தனை பேர் வரலாம் என்றும் கேட்டிருந்தார். புதுக் கோட்டு போட்ட போட்டோவும் போயிருந்தது.

"சர்டிபிகேட் திறக்கவே மாட்டேங்குதும்மா. உன் ஆன்டிவைரஸ் விடமாட்டேங்குது."

"பெரியப்பா, இது விருதில்ல. இதுதான் வைரஸ்."

"கம்பெனி பேரைச் சரியா போட்டிருக்கானே?"

"அது நம்ம வாசல் போர்டுலயே இருக்கே."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஊர்ல பாதிப் பேர் நான் செஞ்ச கதவைத் தள்ளிக்கிட்டுத்தான் உள்ள போறான்" என்றார். "எவனாவது ஒருத்தன் கவனிச்சிருக்கான்னு நினைச்சேன்."

அவள் மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த மெயிலை அவரே அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலிசெய்தார். அப்படியும் அது மூட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் என்று சொல்லி, கோப்புறையைச் சுருக்கி அதை அடியோடு வெளியேற்றும் கட்டளையையும் கொடுக்க வைத்தாள். ஆன்டிவைரஸை முழுக் காவலுக்குத் திருப்பினாள். சிவப்புப் பெட்டி அப்புறம் வரவேயில்லை.

ஆனால் பெரியப்பா முன்பே பெரியம்மா காதில் போட்டுவைத்த விருதுச் செய்தி எந்தக் கட்டளைக்கும் சுருங்காது. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் அவளும் மற்ற சொந்தக்காரர்களும் சாப்பிடக் கூடியபோது, டயர் கடை வைத்திருக்கும் பெரியம்மாவின் தம்பி கேட்டேவிட்டார்.

"அத்தான், விருது விழா என்னைக்கு?"

பெரியப்பா தண்ணீர் குடித்தார். நிதானமாகச் சொன்னார். "வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கூடமே அவரை அண்ணாந்து பார்த்தது. பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விருது வாங்கியிருந்தால்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. உண்மை தெரிந்த அவளுக்கு மட்டும் புரையேறியது.

"அதான் விஷயமா!" என்று தொடையைத் தட்டினார் தம்பி. "நீங்க வேண்டாம்னதும் எனக்குத் தள்ளிவிட்டுட்டாங்க. காலையிலதான் மெயில் வந்துச்சு. நாளைக்குக் கடைக் கம்ப்யூட்டர்ல சர்டிபிகேட்டைத் திறக்கணும்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். அவள் சீலிங் ஃபேனைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் மரியாதை மிஞ்சும், மச்சினன் மூழ்குவான். அந்த மச்சினனை மூழ்கடிக்க அவருக்குப் பல வருட ஆசை உண்டு என்பது குடும்பம் அறிந்த ரகசியம்.

"திறக்காதே" என்றார். "அது வைரஸ். எனக்கு வந்ததும் அதுதான். நான் வேண்டாம்னெல்லாம் சொல்லல. நல்லா ஏமாந்தேன்."

பெரியம்மா, "அப்போ அந்தக் கோட்டு?" என்றாள் மெதுவாக.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தானுக்கு வயித்தெரிச்சல்! தனக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாதாம்!"

திங்கட்கிழமை மதியம் டயர் கடையிலிருந்து போன் வந்தது. அவள் எடுத்தாள்.

"பாப்பா, ஃபைல் எதுவுமே திறக்கல, என்னமோ எழுத்தா வருது. அத்தான்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

அத்தான் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கார் சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

"கிளம்பும்மா" என்றார். "பாவம், எப்படித் தவிக்கிறானோ, நேர்ல போய்ப் பார்க்க வேண்டாமா?"