இருபது பாகை

திங்கட்கிழமை காலை அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நிவேதனா, நேற்று..." என்று நான் தொடங்கவும், எங்கள் மனேச்சர் அடைக்கலநாதன் ஆய்வுகூடக் கதவைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. அவர் கையில் ஒரு கடிதம். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை கொழும்பில் கூட்டமாம். நாடு முழுவதிலும் இருந்து கழிவுநீர் நிலையக்காரர்கள் வருகிறார்களாம். எங்கள் புதுக் கணினிச் சிஸ்டத்தை மேடையேறி விளங்கப்படுத்த நிவேதனாவைக் கேட்டிருக்கிறார்கள். "எங்கடை நிலையத்துக்கே பெருமை பிள்ளை," என்றார். நிவேதனா பக்கத்தில் நின்ற என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் சிரித்தேன். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

விழுங்கியது இதுதான். முந்தின நாள் ஞாயிறு என்னுடைய முறை. ஒன்பது மணிக்கு நின்ற கறண்ட் ஒரு மணிக்குத்தான் வந்தது. எங்கள் ஜெனறேற்றர் பம்புகளுக்கு மட்டும்தான். ஆய்வுகூடத்துக்கு இல்லை. அங்கேதான் இன்கியூபேற்றர் என்கிற புதுப் பெட்டி இருக்கிறது. நிலையத்திலிருந்து சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரோடு நல்ல நீரும் அளந்து கலந்து போத்தல்களில் அடைத்து, அதற்குள் ஐந்து நாள் இருபது பாகை வெப்பத்தில் வைத்திருப்போம். ஐந்தாம் நாள் எவ்வளவு ஒட்சிசன் குறைந்திருக்கிறது என்று பார்ப்போம். அழுக்கு கூடினால் எண் கூடும். முப்பதைத் தாண்டக் கூடாது. ஆனால் பெட்டி சூடாகினாலும் எண் கூடும். தண்ணீரில் ஒரு குற்றமும் இருக்காது. அன்று இரண்டே மணித்தியாலத்தில் பெட்டியின் வெப்பமானி முள் முப்பத்திரண்டு பாகைக்குப் போனதை நான் நின்று பார்த்தேன். நாலு மணிக்குத் திரும்ப இருபதுக்கு வந்துவிட்டது. சிஸ்டம் எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் மட்டும்தான் வெப்பநிலை கேட்கும். எட்டுக்கு இருபது, நாலுக்கு இருபது என்று பதிந்தேன். இரண்டும் பொய்யில்லை.

பொறாமை என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. பதினாறு வருடம் இந்த நிலையத்தின் கணக்கெல்லாம் என்னுடைய கொப்பிகளில்தான் இருந்தது. எந்த நாள் எந்த இடத்தில் தண்ணீர் எடுப்பது, எது கூடினால் எந்தக் கந்தோருக்கு அறிவிப்பது, மழைக்காலத்தில் எதைக் கவனிப்பது, எல்லாம் நான் கோடு கீறி எழுதி வைத்தது. மென்பொருள் செய்கிற பெடியன் கொழும்பிலிருந்து வந்து அந்தப் பதினொரு கொப்பிகளையும் இரண்டு நாள் படமெடுத்தான். அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீசு வராது. கம்பஸ் படிப்பு முடித்து இரண்டு வருடத்துக்கு முன் வந்த நிவேதனா நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். நான் சொன்னதெல்லாம் அவள் வாயால் போனது. நன்றியும் அவளோடு நின்றுவிட்டது. இப்போது எல்லோருக்கும் அது 'நிவேதனான்ரை சிஸ்டம்'. முன்னே வந்த செவியைப் பின்னே வந்த கொம்பு மறைத்த கதை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகம். என் முழங்கால் நோவுக்கு எண்ணெய் வாங்கி வருவாள். தன் சாப்பாட்டில் பொரித்த மீனை என் பக்கம் தள்ளி வைப்பாள். மீனையும் தின்றுகொண்டு வயிறும் எரிவேன்.

புதன்கிழமை போத்தல்களைத் திறந்தாள். முப்பத்திநாலு. மூன்று தரம் பார்த்தாள், மூன்று தரமும் அதேதான். பதிந்த உடனே சிஸ்டம் தானாகவே மேலிடத்துக்குச் சிவப்பு அறிவித்தல் அனுப்பிவிடும். அதனால் சிஸ்டத்தில் பதிகிற டப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மனேச்சர் வந்து பார்த்தார்.

"இருபத்தெட்டு எண்டு போடு பிள்ளை. அடுத்த கிழமை மேடையிலை ஏறப்போறாய். உது எங்களுக்குள்ளை இருக்கட்டும்."

"ஏலாது சேர். வந்தது முப்பத்திநாலு."

"கொழும்புக்கு ஆரை அனுப்புறதெண்டு பேந்து நான் யோசிக்க வேண்டி வரும்."

"யோசியுங்கோ சேர்," என்று சொல்லி, அவர் முன்னாலேயே பதிந்தாள். கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில், 'நீர் கலக்கும் அளவில் என் தவறாக இருக்கலாம்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். ஒன்றுக்கும் உதவாத ஓர் எண்ணுக்காகத் தன் பெயரைக் கொடுத்தாள். அது உதவாத எண் என்று தெரிந்த ஒரே ஆளான நான் அவளுக்குப் பக்கத்தில் போத்தல் கழுவிக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த நேர்மை எனக்கு வாய்க்கவில்லையே என்று அதிலும் பொறாமையாக இருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள். "அக்கா, ஞாயிறு கறண்ட் ஏதும் நிண்டதோ?"

"இல்லையே. எட்டுக்கும் இருபது, நாலுக்கும் இருபது. நீ சிஸ்டத்திலை பாத்தனிதானே?"

"ஓமக்கா. சும்மா கேட்டனான்."

வாசலில் இருக்கிற காவலாளி தம்பிஐயாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்குப் போதும். வியாழக்கிழமை புதிதாகத் தண்ணீர் எடுத்துப் போத்தல்களை அடுக்கினாள். செவ்வாய் திறப்பாள். அதுவும் முப்பதைத் தாண்டினால் அவள் கொழும்பு போவதில்லை என்று மனேச்சர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறும் என்னுடைய முறை. பத்தேகாலுக்குக் கறண்ட் நின்றது.

கதிரையில் இருந்தேன். பேசாமல் இருந்தாலே போதும், செவ்வாய்க்கிழமை எல்லாம் தானாக முடியும். முள் இருபத்தொன்றானது. இருபத்திரண்டானது. ஏன் எழும்பினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தம்பிஐயாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மயிலிட்டித் துறைமுகத்துக்கு ஓடினேன். மீனுக்கு ஐஸ் போடுகிறவன் என்னைத் தெரிந்தவன். "என்ன அக்கா, கலியாண வீடோ?" என்று கேட்டுக்கொண்டே சூடு புகாத ஒரு ரெஜிபோம் பெட்டி நிறையக் கட்டிகளை அள்ளித் தந்தான். திரும்பி வரும்போது இருபத்தைந்து. கட்டிகளைப் பொலித்தீன் பைகளில் போட்டுப் போத்தல்களைச் சுற்றி வைத்தேன். பத்தொன்பதுக்கு இறங்கியது, ஒன்றை எடுத்தேன். இருபத்தொன்றுக்கு ஏறியது, இரண்டை வைத்தேன். சட்டையெல்லாம் மீன் மணம். ஒரு மணியானபோது முள் எந்தப் பக்கம் சரியும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. யாரும் பார்க்கவில்லையே என்றும் இருந்தது.

இரண்டு மணிக்கு நிவேதனா எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, எங்கடை பக்கம் கறண்ட் நிண்டிட்டுது. உங்கை எப்பிடி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். போன கிழமை சொன்ன வாய்தானே. ஆனால் இந்த ஐஸ் யோசனை என்னுடையது. அது ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டாமா?

"இஞ்சையும் நிண்டிட்டுது. நீ பயப்பிடாதை. ஐஸ் எடுத்துக்கொண்டு வந்து உள்ளுக்கை வைச்சிருக்கிறன். கூடினால் வைக்கிறன், குறைஞ்சால் எடுக்கிறன். இருபதை விட்டு அசைய விடேல்லை."

"ஐயோ அக்கா," என்றாள். "உங்களைத் தவிர ஒருத்தருக்கும் உந்த யோசனை வந்திராது. சிஸ்டத்திலை உங்கடை பேரைப் போட்டே எழுதுறன். கொழும்பிலையும் சொல்லுவன்."

பதினாறு வருடத்தில் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. மனம் நிறைந்து போனது. மனம் நிறைந்தால் என் வாய் நிற்காது.

"பின்னை? சும்மா விட்டிருந்தால் ரெண்டு மணித்தியாலத்திலை முப்பத்திரண்டுக்குப் போயிருக்கும்."

அவள் வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றுவது கேட்டது.

"முப்பத்திரண்டு எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?" மெதுவாகத்தான் கேட்டாள். "பெட்டி வந்து மூண்டு மாசம்தானே. நான் நிக்கிற நாளிலை ஒருக்காலும் கறண்ட் நிண்டதில்லை."

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். இருபத்தொன்று. பெட்டியைத் திறந்து ஒரு கட்டியை உள்ளே வைத்தேன். விரல்கள் விறைத்திருந்தன. போத்தல்களில் அவள் எழுதி ஒட்டியிருந்த துண்டுகள் ஈரத்தில் ஊறி, அவளுடைய பெயர் நீல மையாய் என் கையில் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா?" என்றாள்.