காற்று வரும் வழி

ஜன்னத் பீவியின் அடுப்படிக்குள் வெயில் நுழைந்துகொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துபோனது. கறுத்த திரையில் பிரதீபாவின் முகமும், அவளுக்குப் பின்னால் ஜன்னலில் கார்த்திகை மழை ஓய்ந்த சம்பா வயலும் தெரிந்தன. வீடியோ பாதிக்கு வரும்போதெல்லாம் இதே கதைதான். அவளுக்கு அழுகை வந்தது.

அந்த அடுப்படி இன்னும் கட்டப்படவே இல்லை. அதிராம்பட்டினத்தில் அந்த இடத்தில் வெறும் மணலும் சில தென்னைகளும்தான் இருக்கின்றன. இல்லாத வீட்டைக் கண்ணில் காட்டுவது பிரதீபாவின் தொழில். திருவாரூர் என்ஜினீயர்கள் பிளானை அனுப்புவார்கள். அவள் சுவர் எழுப்பி, வண்ணம் பூசி, உள்ளே நடந்து போவதுபோல வீடியோவாக்கிக் கொடுப்பாள். இத்தனை வருடமாகச் செய்தும் ஒரு விஷயத்தில் அவளுக்குப் பிரமிப்பு அடங்கியதில்லை. ஜன்னல் எந்தத் திசை, நேரம் என்ன என்று சொன்னால் போதும், வெளிச்சத்தை இந்தப் பெட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளும். அது தரையில் பட்டு, சுவரில் ஏறி, மேஜைக்கு அடியில் மங்கலாகப் போய் உட்கார்வது வரை வரைந்துவிடும். முதல் படத்தைப் பார்த்ததும், அந்த வீட்டைக் கட்டப்போகும் ஜன்னத் பீவி, அடுப்படித் தரையில் கிடந்த வெளிச்சத்தைத் திரையில் விரலால் தொட்டு, "இது எங்க ஊரு காலை வெயிலும்மா" என்றார். வெள்ளிக்கிழமை அவருடைய பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குள் முழு வீடியோவும் வேண்டும்.

பெட்டி அவள் கணவன் ரஞ்சித் கோத்தது. கல்யாணத்துக்கு முன்பு, கேம் விளையாடுவதற்கென்று ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கினான். அப்போது அந்த வட்டாரத்தில் இதற்கு ஈடு கிடையாது. பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்களாம். இப்போது எல்லாரும் கிழடு என்கிறார்கள். சர்வீஸ்காரரும் போனிலேயே வைத்தியம் பார்த்து, உள்ளே இருப்பதை மொத்தமாக மாற்றச் சொல்லிவிட்டார்.

ரஞ்சித்தும் சிங்கப்பூரிலிருந்து அதையேதான் சொன்னான். "போர்டு, ப்ராசஸர், கார்டு எல்லாத்தையும் மாத்திடுவோம். நான் பொங்கலுக்கு வரல, அவ்வளவுதானே. அந்த டிக்கெட் காசுல முடிச்சிடலாம். பவர் சப்ளை எத்தனை வாட்ஸுன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, ஆர்டர் போட்டுடறேன்."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதானே என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். போன பொங்கலை போர் மோட்டார் சாப்பிட்டது. இந்தப் பொங்கலை இது சாப்பிடப் போகிறது.

வாட்ஸ் எழுதிய ஸ்டிக்கர் உள்ளே இருந்தது. திருகாணிகளைக் கழற்றி, முன்பக்கத் தட்டை இழுத்தாள். வலைக்குப் பின்னால் தூசியைத் தடுக்க இருந்த ஃபில்டர் வறட்டிபோலக் கனத்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

சுரண்டியதும் சந்தன வாசனை அடித்தது.

ஆயுத பூஜை குறுவை அறுப்பு நேரத்தில் வரும். வீட்டுக்குப் பின்னால் களத்தில் நெல் தூற்றும் தூசி அறை வரைக்கும் பறக்கும். அத்தை சௌந்தரநாயகி டிராக்டருக்கு ஒரு பொட்டு வைத்தால் இதற்கு ஒரு கிண்ணமே பூசுவார்; மருமகளுக்குச் சோறு போடும் பெட்டியல்லவா. பக்கவாட்டுக் கண்ணாடியில் பூசினால் உள்ளே எரியும் விளக்குகள் மறைகின்றன என்று, முன்பக்க வலையைக் காட்டியவளே பிரதீபாதான். ஈரச் சந்தனத்தில் நெல் சுணை ஒட்டி, அதன்மேல் அடுத்த வருடச் சந்தனம், அதன்மேல் மறுபடி சுணை. பெட்டி காற்றை இழுக்கும் வழியே அதுதான்; காற்று போகாவிட்டால் உள்ளே சூடேறித் தானாக அணைந்துவிடும். பக்தியாக மூக்கை அடைத்துவிட்டு, கிழடாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

"அத்தை, இங்க வந்து பாருங்க."

சௌந்தரநாயகி ஃபில்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "நல்லா இருக்கணும்னுதானேம்மா வச்சேன்" என்றார். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துவந்து, வலையின் ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்க்க உட்கார்ந்தார்.

கழுவியதெல்லாம் காய்ந்ததும் பூட்டி, வீடியோவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள். இது மட்டும்தான் காரணமா என்று அவளுக்கு உறுதியில்லை. வாசல் வந்தது, கூடம் வந்தது. எப்போதும் அணைகிற இடம் நெருங்கியபோது இருவரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள். அடுப்படி ஜன்னலில் வெயில் எட்டிப் பார்த்தது, மேடையில் வழிந்தது, தரையில் இறங்கியது. அதற்கப்புறமும் போனது. கையை நீட்டினால் சூடு தெரியும் என்று பிரதீபாவுக்குத் தோன்றியது.

போன் அடித்தது.

"போட்டோ வரலயே. ஆர்டர் போடணும்ல?"

அவள் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சத்தமே கேக்கல. நின்னுடுச்சா?"

"நிக்கல. ஓடுது. நல்லா கேளுங்க."

பழைய இரைச்சல் எதுவும் இல்லை; சீரான சின்ன மூச்சு மட்டும். அடுத்த வருடம் என்ன ஆகுமோ, அதற்கு அவளால் உத்தரவாதம் தர முடியாது. மறுமுனையில் ரஞ்சித் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் பொங்கலுக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

அதற்குள் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்துவிட்ட சௌந்தரநாயகி, பெட்டியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் விரலை அதன் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றார். மேலே வந்த வெதுவெதுப்பான காற்றில், விரல் நுனியில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.