சுவரில் எழுத வேண்டிய முதல் பெயர்

லாபாஸ் ஜீப்னி நிலையத்துச் சுவருக்கு வெள்ளையடித்து மூன்று நாளாகிவிட்டது. இலோய்லோ நகரில் முதன்முதலாக ஜீப்னி என்னும் பயணிகள் வண்டியை ஓட்டிய பெண்ணின் பெயரை அதில் எழுதப்போகிறார்கள். அது தன் அம்மா லொரேத்தாதான் என்றாள் நெனித்தா. இல்லை, தன் அத்தை கிளாரித்தா என்றான் ஓட்டுநர் சங்கச் செயலாளர் பெர்னபே. உண்மையைச் சொல்ல அந்த இரண்டு பெண்களுமே இப்போது உயிரோடில்லை.

நெனித்தா பழுப்பேறிய பத்திரிகைத் துண்டை நீட்டினாள். 'நகரின் முதல் பெண் ஓட்டுநர்' என்று அம்மாவின் படத்துக்கு மேல் இருந்தது.

பெர்னபே சட்டைப்பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தான். அதே பத்திரிகை, அதே 'முதல்'. படம்தான் வேறு. இரண்டிலுமே தேதி இல்லை.

"இத எங்க அச்சடிச்சே தம்பி?"

"நானும் அதயே கேக்கலாம்ல அக்கா?"

மறுநாளே அவள் நூலகத்துக்குப் போனாள். பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் இசிங் இரண்டு துண்டுகளின் கதையையும் கேட்டுச் சிரித்தாள்.

"அந்தப் பேப்பர்ல யாருதான் முதல் இல்ல? ஒரே வருஷத்துல மூணு பேரு 'முதல்முறையா' மணிலாவுக்கு ப்ளேன்ல போயிருக்காங்க. 'முதல்'னு இருந்தாத்தான் ஆசிரியர் முதல் பக்கத்துல போடுவாரு. இல்லன்னா உள்பக்கத்துல, கப்பல் வர்ற நேரம் போடுற எடத்துக்குக் கீழ தள்ளிடுவாரு. நிருபருங்க விடுவாங்களா? எல்லாரையும் 'முதல்'னே எழுதிடுவாங்க."

"அப்ப எங்கம்மா?"

"தேதியப் பாத்துச் சொல்லலாம்னா, பாதிக் கட்டு வெள்ளத்துல போச்சு."

அதுவரை பெர்னபேவைச் சந்தேகப்பட்ட நெனித்தாவுக்கு இப்போது அம்மா மேலேயே சந்தேகம் வந்தது. ஊரெல்லாம் காட்டிய துண்டு. ஒரு நாளாவது தேதியைச் சொல்லியிருப்பாளா?

மிஞ்சிய கட்டுகளில் முதல் பக்கங்களை அவள் விட்டுவிட்டாள். கப்பல் நேரத்துக்குக் கீழே இருந்ததை மட்டும் படித்தாள். நான்காம் நாள் அகப்பட்டது. நாலே வரி. ஹாரோ சந்தையருகே ஜீப்னி ஒன்று மாம்பழக் கடைக்குள் புகுந்தது. காயம் யாருக்குமில்லை. 'ஓட்டியவர் லொரேத்தா, இந்நகரின் இரண்டாவது பெண் ஓட்டுநர்.'

நெனித்தா நிமிர்ந்து பார்த்தாள். இசிங் ஜன்னல் பக்கம் திரும்பிச் சோளம் கொறித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகைக் கட்டை மூடிவிட்டால் இதை இனி யாரும் தேடப்போவதில்லை. நெனித்தா மூடினாள். வாசல் வரை போனாள். பிறகு திரும்பி வந்து நகல் கேட்டாள்.

பெர்னபே அந்த நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் புரட்டினான்.

"என்ன சூது இது? பெத்த அம்மாவ ரெண்டாவதுன்னு யாராச்சும் தூக்கிட்டு வருவாங்களா?"

"நூலகத்துக்குப் போய் நீயே அந்தக் கட்டப் பாரு."

அவன் போனான். பார்த்தான். திரும்பி வந்தபோதும் அவன் முகம் தெளியவில்லை.

"சரி, அத்தை பேரையே எழுதச் சொல்றேன். உனக்கு என்ன வேணும், அத மொதல்ல சொல்லு."

"அதுக்குக் கீழ, 'இரண்டாவது: லொரேத்தா'ன்னு எழுதச் சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். 'முதல்'னா உங்க அத்தைய ஊரு கொஞ்சம் சந்தேகப்படும். 'இரண்டாவது'ன்னா எங்கம்மாவ யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."