மேலத்தெரு வழியாக ஒரு பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில்தான் மாரிச்செல்விக்கு அந்த யோசனை பிறந்தது. ராஜபாளையத்துக்காரி. சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு நடத்துகிறவள். பயிற்சி கொடுத்த ஆனந்தவல்லி மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தாள். ஹவாய்த் தீவில் கொஞ்ச காலம் தங்கி, அங்குள்ள பூர்வகுடி மக்களோடு சேர்ந்து பள்ளிக்கூடப் பாடம் தயாரித்துவிட்டு வந்தவள்.

"யாரையும் கேவலமா நினைக்காதேன்னு அங்க புள்ளைகளுக்குப் புத்தி சொல்லலை. ஓடைக்கரைக்குக் கூட்டிட்டுப் போனோம். இந்தத் தண்ணி யாருது, இந்த நிலம் யார் கையிலேருந்து போச்சுன்னு அந்த ஊர் ஆளுகளையே பேச வச்சோம். உங்க ஊர்லயும் பாடம் தெருவுலதான் கிடக்கு. போய் எடுங்க" என்றாள்.

மாரிச்செல்வி எடுத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பிள்ளை முன்னால் நடக்கவேண்டும். தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை மற்றவர்களுக்குக் காட்டவேண்டும். எது யார் கிணறு, எந்த மரத்தடியில் யார் உட்காருவார்கள், எங்கே தனக்குப் பிடிக்கும், எங்கே பயம், எல்லாம் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது.

முதலில் நாச்சியார் கூட்டிப்போனாள். மேலத்தெருவின் பெரிய வீட்டுப் பெண். அவள் அப்பா பாண்டிதுரைக்கு மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உண்டு. தெருவைத் தாண்டினால் பள்ளிக்கூடம்.

அடுத்து பரிபூரணத்தின் முறை. அவள் வீடு ஊருக்குக் கிழக்கே காலனியில். அவள் கண்மாய்க்கரையில் ஏறி, கருவேல முள்ளுக்குள் புகுந்து, ஊரையே சுற்றிக்கொண்டு நடந்தாள். பிள்ளைகள் கால் வலிக்கிறது என்றார்கள்.

"எதுக்கு இம்புட்டுத் தூரம் சுத்துதே? எங்க தெரு வழியா வந்தா செத்த நேரத்துல வந்திரலாமே" என்றாள் நாச்சியார்.

"உங்க தெருவுக்குள்ள நாங்க செருப்பு போட்டு நடக்கக்கூடாது. கையில தூக்கிட்டுத்தான் போகணும். எனக்குத் தூக்கிட்டு நடக்கப் பிடிக்கலை" என்றாள் பரிபூரணம். அவள் குரலில் வருத்தம் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னாள்.

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். மாரிச்செல்வி கொஞ்சம் யோசித்திருக்கலாம். "வாங்க, இன்னைக்கு மேலத்தெரு வழியாப் போவோம். எல்லாரும் செருப்பு போட்டுக்கோங்க" என்றாள்.

போனார்கள். நாச்சியார் பரிபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை மாரிச்செல்வி சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பாண்டிதுரை பள்ளிக்கு வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியர் பொன்னுராஜ் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். பாண்டிதுரை உட்காராமல் மாரிச்செல்வியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"டீச்சர், நல்ல காரியம் செஞ்சிருக்கீக. நானும் பல ஊரு பாத்தவன்தான். அடுத்த தடவை சொல்லிட்டு வாங்க, மரியாதையாக் கூப்பிட்டுக்கிடுதோம்."

மாரிச்செல்வி ஆனந்தவல்லிக்குப் போன் செய்து சொன்னாள். இதைப் படம் பிடித்தே ஆகவேண்டும் என்று ஆனந்தவல்லி ஒரு கேமராக்காரனோடு காரில் வந்து இறங்கினாள்.

அன்று மேலத்தெருவில் கோலம் போட்டிருந்தது. பாண்டிதுரை பரிபூரணத்துக்குப் புதுச்செருப்பு வாங்கி வைத்திருந்தார். சிவப்பு நிறம், மேலே சின்னப் பூ. கேமரா முன்னால் குனிந்து தன் கையாலேயே அவள் காலில் மாட்டிவிட்டார். அவள் அப்பா சமுத்திரத்தைப் பக்கத்தில் நிறுத்தித் தோளில் கைபோட்டார். சமுத்திரம் அவருடைய மாந்தோப்பில்தான் காவல் வேலை பார்த்தான்.

"எங்க ஊர்ல அந்த வித்தியாசமெல்லாம் கிடையாதும்மா. ஒருதாய்ப் புள்ளைகளா இருக்கோம்" என்றார் பாண்டிதுரை.

பரிபூரணம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். வெளிச்சம் சரியில்லை என்று கேமராக்காரன் மறுபடி நடக்கச் சொன்னான். மறுபடியும் நடந்தாள். மாரிச்செல்விக்குக் கண் கலங்கியது. ராஜபாளையம் வரை காரிலேயே வரலாம் என்று ஆனந்தவல்லி கூப்பிட்டாள். அவளும் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் பரிபூரணம் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று மாரிச்செல்வி வகுப்பில் கேட்டபோது நாச்சியார் எழுந்தாள்.

"நேத்து உங்க கார் போன பொறவு அவ அப்பா எங்க தெருவைக் கழுவுனாரு டீச்சர். சாணித்தண்ணி ஊத்தி, ஒரு வாசல் விடாமக் கழுவுனாரு. எங்க அப்பா சேர் போட்டு உக்காந்து, இங்க விட்டுப்போச்சு, அங்க விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"பரிபூரணம் எங்க இருந்தா?"

"அவ புதுச்செருப்பைத் தலையில வச்சிக்கிட்டு நின்னா. கையால பிடிக்கக்கூடாது, கீழயும் விழக்கூடாதுன்னாங்க. அது விழுந்துக்கிட்டே இருந்துச்சு." நாச்சியாருக்குச் சிரிப்பு வந்தது. "எங்களுக்கெல்லாம் சிரிப்பா வந்துச்சு, டீச்சர்."

மேலத்தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். காலனிப் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின வெள்ளிக்கிழமை கைகோத்து நடந்தவர்கள்தான் எல்லாரும்.

சாயங்காலம் மாரிச்செல்வி காலனிக்குப் போனாள். சமுத்திரம் வாசலுக்கு வந்து குறுக்கே நின்றான். உள்ளே வரச்சொல்லவில்லை. அவன் உள்ளங்கையில் துடைப்பம் பிடித்துக் கிளம்பிய கொப்புளம்.

"புகார் கொடுப்போம். நான் சாட்சி சொல்லுதேன்" என்றாள்.

"நீங்க என்னத்தைப் பாத்தீக? நீங்கதான் கார்ல போயிட்டீகளே."

அவள் வாசலிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"கோவமாச் சொல்லலை டீச்சர். நீங்க பஸ்ஸு ஏறிப் போயிருவீக. நான் விடிஞ்சா அவரு தோப்புக்குத்தான் போகணும். எம்புள்ளைய வச்சுப் பாடம் நடத்தாதீக. அம்புட்டுத்தான்."

உள்ளே பரிபூரணம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டீச்சர் குரல் கேட்டும் திரும்பவில்லை.

மாரிச்செல்வி அப்படியும் விடவில்லை. ஆனந்தவல்லியைக் கூப்பிட்டாள். ஆனந்தவல்லி, "இப்ப நாம பேசினா அந்தக் குடும்பத்துக்குத்தான் ஆபத்து. ஊரோட உறவு கெட்டுப்போகாமப் பாக்கணும்" என்றாள். படம் ஏற்கெனவே பெரிய இடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது. அதை நிறுத்துவதாக அவள் சொல்லவில்லை.

மாரிச்செல்வி தன் பெயரிலேயே மனுக் கொடுத்தாள். விசாரிக்கக் கல்வித்துறை அதிகாரி ஒருவர் வந்தார். தலைமையாசிரியர் அறையில் விசாரணை. பாண்டிதுரை வெளியே வேப்பமரத்தடியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"தெருவுல குப்பையாக் கிடந்துச்சு ஐயா. நானாத்தான் கழுவுனேன்" என்றான் சமுத்திரம்.

அதிகாரி பரிபூரணத்திடம் திரும்பினார். "பாப்பா, உன்னை யாரும் ஏதும் செய்யச் சொன்னாங்களா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் மாரிச்செல்வியைப் பார்த்துக் கைநீட்டினாள்.

"டீச்சர்தான் அந்தத் தெருவுல செருப்பு போட்டு நடக்கச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுதான் நினைச்சேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. மாரிச்செல்விக்கு வலித்தது அதுதான். பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் வெளியே கூட்டிப்போய் ஊரில் சச்சரவு உண்டாக்கினாள் என்று முடிவாயிற்று. பொன்னுராஜ் மாறுதல் உத்தரவைக் கொடுக்கும்போது, "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார். கிளம்பும்போது வகுப்பில் எட்டிப் பார்த்தாள். பரிபூரணம் பெஞ்சில் இல்லை. பின்சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் அங்கே உட்காரச் சொன்னது என்று மாரிச்செல்வி கேட்கவில்லை.

புதுப் பள்ளிக்கூடம் வ. புதுப்பட்டிக்கும் அப்பால். சேர்ந்த முதல் வாரத்தில் ஆனந்தவல்லி போன் செய்தாள். படத்துக்கு நல்ல பேர் கிடைத்திருக்கிறதாம். உன் பாடத்தைப் பத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோகிறோம், அந்த ஊரிலும் ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டாள். பார்க்கிறேன் என்று மாரிச்செல்வி போனை வைத்தாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசை ஓர் இடத்தில் முடிந்தது. கொஞ்சம் இடம் விட்டு, வெயில் விழுகிற பக்கமாக இன்னொரு சின்ன வரிசை இருந்தது. அதிலிருந்த ஒரு பெண் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சோறு தன்னிடம் வரக் காத்திருந்தாள். மாரிச்செல்வி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையல் பண்ணுகிற அம்மாள் கரண்டியை நிறுத்தினாள். "என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லை. குழம்பு வாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மாரிச்செல்வி ஆசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.