வடக்குச் சுவரில் வராத ஜன்னல்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் என் அண்ணன். நான் ஒட்டுக்கேட்கவில்லை, யாரிடமிருந்தும் சுடவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரவைத்து, "நீதான் என்னென்னமோ எழுதுறியே, உருப்படியா சூடு வீணாகாத இந்தப் புது வீட்டப் பத்தி எழுது. நாலு பேர் படிச்சுத் திருந்துவாங்க" என்றார். திருந்த வேண்டிய அந்த நாலு பேர் யாரென்று சொல்லவில்லை. தன்னைத் தவிர உலகத்தில் மிச்சமிருக்கும் எல்லோரும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணனுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம். இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு அது ஏன் கிடைக்காது என்று விளக்கும் பிரிவு. மரியாதையாக 'இல்லை' சொல்லிச் சொல்லி அதுவே அவர் குரலாகிவிட்டது. வீட்டில் உப்பை எடுத்துக் கொடுக்கும்போதுகூட மறுப்பது போலத்தான் நீட்டுவார்.

சரி அண்ணா, எழுதுகிறேன். ஆனால் வீடு என்றால் உள்ளே ஒரு ஆள் வேண்டும். அதற்கு அண்ணியை எடுத்துக்கொள்கிறேன்.

(அண்ணன் 'அவர்', அண்ணி 'அவள்'. யாருக்கு மரியாதை, யாரிடம் நெருக்கம் என்பதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.)

2

முதல் தொடக்கம்: "பூமி கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரே ஒரு மனிதர் மட்டும் கண் விழித்து..."

அண்ணனுக்குப் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வெண்ணெய் போல..."

அண்ணன் வீடு கட்டிய பேனலை விளக்க வருகிற எல்லோரும் இந்த ரொட்டியைத்தான் எடுக்கிறார்கள், விற்க வந்தவர் உட்பட. ரொட்டியை விட்டுவிட்டு நேராகச் சொல்கிறேன். வெளியே ஒரு மரச்சீவல் பலகை, உள்ளே ஒன்று, நடுவில் ஒரு சாண் கனத்துக்குக் கெட்டியான நுரை. சுவரும் அதுதான், கூரையைத் தாங்குவதும் அதுதான், எங்கள் ஊர்க் குளிருக்குப் போர்வையும் அதுதான். ஜன்னலுக்கும் கதவுக்கும் வேண்டிய திறப்புகளைத் தொழிற்சாலையிலேயே வெட்டி லாரியில் அனுப்பிவிடுவார்கள். கட்டும் இடத்தில் கிரேன் தூக்கி நிறுத்த, மூட்டுகளை அடைத்தால் வீடு. நல்ல பொருள்தான். எனக்குப் பேனல் மேல் ஒரு கோபமும் இல்லை.

மூன்றாவது: "அண்ணி பல் செய்கிறவள்."

இது நிற்கட்டும்.

அண்ணி பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு, பக்கத்துப் பல்லோடு சேர்த்து வைத்தால் சொந்தப் பல் எது, புதுப் பல் எது என்று தெரியாதபடி செய்து தருவாள். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் முடிப்பதில் அவளுக்குச் சாம்பல் கலந்தது, மஞ்சள் ஓடியது, டீ குடித்தது, சிகரெட்டை நிறுத்தியது என்று ஒரு கூட்டமே உண்டு. அதைப் பிரித்துப் பார்க்க வடக்குப் பக்க வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் விழாது, காலையிலும் மதியத்திலும் அதிகம் மாறாது.

அதுவரை வேலை பார்த்த பல் செய்யும் கூடத்தை விட்டுவிட்டுப் புது வீட்டில் சொந்தமாகத் தொழில் தொடங்குவதாக ஏற்பாடு. வடக்கு மூலையில் அவளுக்கு ஒரு அறை, மேசை அகலத்துக்கு ஒரு ஜன்னல். வரைபடத்தில் அந்த ஜன்னலை அவள்தான் பென்சிலால் போட்டாள். அண்ணன் தலையாட்டினார். நானும் அங்கே இருந்தேன்.

3

லாரி வந்த அன்று, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அண்ணி நேராக அங்கே போனாள். மூன்று பக்கச் சுவர்கள் எழுந்துவிட்டிருந்தன. கிரேன் நான்காவதை இறக்கிக்கொண்டிருந்தது. தச்சர்கள் இருவர் அதைப் பிடித்து அடிக்கட்டையில் உட்காரவைத்து, மூட்டில் பசையை நிரப்பினார்கள். அண்ணி வெளியே ஒரு சுற்று வந்தாள். பிறகு உள்ளே வந்து தன் அறையில் நின்றாள்.

"ஏங்க, இது எந்தச் சுவரு?"

"வடக்கு."

"ஜன்னல் எங்க?"

அண்ணன் கையிலிருந்த காபியைக் குடித்து முடித்தார். "அதுவா. கடைசி வரைபடத்துல எடுத்துட்டோம்."

"எடுத்துட்டோம்னா யாரு யாரு?"

"நானும் கணக்குப் போட்ட என்ஜினியரும். வடக்கு ஜன்னல்ல வெயில் உள்ள வராது, சூடு மட்டும் வெளிய போகும். அத எடுத்ததும் மின்சாரச் சிக்கனத்துக்குக் குடுக்கிற தரத்துல வீடு ஒரு படி மேல ஏறிடுச்சு, தெரியுமா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா வேணும்னு சொல்லியிருப்ப."

(இந்த வரி என் கற்பனை என்று நினைக்கிறவர்கள் என் அண்ணனோடு ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். எனக்கு இவ்வளவு கச்சிதமாக எழுத வராது.)

"நான் எங்க உக்காந்து வேலை செய்யிறது?"

"இதே அறைதான். பகல் வெளிச்சம் மாதிரியே லைட்டு வந்திருக்கு. நானே வாங்கித் தரேன்."

"மாதிரி வேண்டாங்க. நான் செய்யிறதே மாதிரிப் பல்லு. அதுக்கு வெளிச்சமாவது நிஜமா இருக்கட்டும்."

தச்சர்கள் இருவரும் ஆணிப் பெட்டியில் எதையோ மும்முரமாகத் தேடினார்கள். அண்ணி பெரிய தச்சரைப் பார்த்து, இனிமேல் வெட்டலாமா என்று கேட்டாள். வெட்டலாம், என்ஜினியர் வந்து பார்த்து மேலே உத்திரம் கொடுக்க வேண்டும் என்றார் அவர். "சுத்தி நல்லா அடைச்சா ஒண்ணும் ஆகாதுக்கா. ஆனா சார் சொல்லணும்."

சார் சொல்லவில்லை.

4

இந்த இடத்தில் அண்ணி மின்ரம்பத்தைப் பிடுங்கி, சுவரைக் கிழித்து, பலகைத் தூள் பறக்க, வெளிச்சம் அவள் முகத்தில்...

இல்லை. இதைக் கேட்டால் அண்ணியே சிரிப்பாள். ரம்பத்தை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்குத் தெரியாது. தவிர, வீட்டைக் கெடுக்க அவளுக்கு மனசு வராது. அவள் சேமிப்பும் அதில் இருக்கிறது.

எனக்குப் பெரிய தலைவலி அண்ணன்தான். அவர் வில்லனாக இருந்தால் இந்தக் கதை ஒரே மூச்சில் முடிந்திருக்கும். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். பூமியைப் பற்றி அவர் சொல்வது அத்தனையும் சரி. வடக்கு ஜன்னலைப் பற்றிச் சொன்னதும் சரி. சரியாக இருந்துகொண்டே ஒரு மனிதர் எவ்வளவு அற்பமாகவும் இருக்க முடியும் என்பதைத்தான் நான் எழுதப் பார்க்கிறேன். தமிழில் அதற்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறதா என்று தேடினேன். வீட்டுக்காரர் என்பதைவிடப் பொருத்தமாக எதுவும் அகப்படவில்லை.

காற்றுக்கசிவுச் சோதனைக்கு எங்களையெல்லாம் அழைத்தார். வாசல் கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். எங்காவது பொத்தல் இருந்தால் அது வழியாக வெளிக்காற்று சீறும். அண்ணன் புறங்கையை நனைத்துக்கொண்டு மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். அண்ணியின் கையை அவர் அத்தனை கவனமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. வடக்குச் சுவர் பக்கம் வந்ததும், "பாருங்க, இங்க ஒரு துளி காத்து வராது" என்றார் பெருமையாக.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள் அண்ணி. எல்லோரும் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

5

குடிபோகும் நாளில் அண்ணி போகவில்லை. சண்டை போடவில்லை. பழைய வாடகை வீட்டிலேயே மகளோடு இருந்துகொண்டு, சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு அறையைப் பிடித்தாள். அழுக்குப் படிக்கட்டு, கீழே நாளெல்லாம் டயர்க்காரர் சத்தம், ஓட்டை உடைசலான மரச்சட்டம். ஆனால் வடக்கே பெரிய ஜன்னல். கண்ணாடியைத் துடைத்தாள், மேசையைப் போட்டாள், பல் செய்யத் தொடங்கினாள்.

அண்ணன் தனியாகப் புது வீட்டுக்குப் போனார். உறவில் கேட்டவர்களுக்கு, "அவளுக்குக் கொஞ்சம் வேலை முடிய வேண்டியிருக்கு" என்றார்.

பிறகு குளிர்காலம் வந்தது. எழுத்தாளருக்கு உழைப்பே இல்லாமல் கதை தானாக ஒரு காரியம் செய்தது. வீடு குளிர்ந்தது.

சுவரில் கோளாறு இல்லை, மூட்டில் கசிவு இல்லை. என்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "சார், மூணு பேர் இருப்பாங்கன்னுதான கணக்குப் போட்டோம்" என்றார். இவ்வளவு இறுக்கமான வீட்டில் மனித உடம்பின் சூடும் கணக்கில் சேரும். ஆளுக்கு ஏறக்குறைய நூறு வாட். அடுப்புக்குத் தனி, குளிக்கிற வெந்நீருக்குத் தனி. அண்ணன் பகலெல்லாம் அலுவலகத்தில். திரும்பி வந்தால் கடையில் வாங்கிய சாப்பாடு. அந்த வீட்டில் சூடாவதற்கு எதுவுமே நடக்கவில்லை. கடைசியில் ஒரு மின்கணப்பு வாங்கினார். யாராவது வீட்டைப் பார்க்க வந்தால் அதை அலமாரிக்குள் வைத்துவிடுவார்.

(இதை நான் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.)

6

அண்ணியை அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் சைக்கிள் கடை மாடியில்தான் இருந்தேன். கையில் மெழுகு ஒட்டியிருந்ததால் அண்ணி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"வீடு குளிருது."

"ம்."

"நீங்க ரெண்டு பேரும் வந்துட்டா கணக்கு சரியாயிடும். என்ஜினியரே சொன்னாரு."

அண்ணி மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தன வாட்டுங்க நாங்க?"

"பாப்பா சின்னவ, அவளுக்குக் கொஞ்சம் கம்மி..." என்று அவர் நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டார். நான் பார்த்த வரையில், அண்ணன் ஒரு கணக்கை முடிக்காமல் விட்டது அப்போதுதான்.

"சரி. ஜன்னல வெட்டிடலாம்" என்றார். குரலில் அந்த 'இல்லை' இல்லை. ஆனால் உடனே, "சின்னதா. தொறக்க முடியாத மாதிரி. மூணு அடுக்குக் கண்ணாடி போட்டு" என்று சேர்த்துக்கொண்டார்.

"யோசிச்சு சொல்றேன்" என்று அண்ணி வைத்துவிட்டாள்.

இனி முடிவு. அண்ணனுக்குப் பிடித்த முடிவில் அவள் போகிறாள், வீடு கதகதப்பாகிறது, நாலு பேர் திருந்துகிறார்கள். என் சிநேகிதிகளுக்குப் பிடித்ததில் வக்கீல் வருகிறார். எனக்குப் பிடித்ததில் அண்ணன் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, அந்த ஒழுகாத வீட்டில், ஒரு வசந்தம்கூட வராமல்... இது வெறும் வன்மம். அடித்துவிடுகிறேன்.

அண்ணியிடமே கேட்டேன். "என்னன்னு எழுதட்டும் அண்ணி?"

அவள் ஒரு முன்பல்லை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். "எனக்கே தெரியல. அவரு நிறுத்தினாரு பாரு, அந்த இடம் எனக்கு என்னமோ பண்ணுது. அப்புறம் 'சின்னதா'ன்னாரு பாரு, அதுவும் பண்ணுது." பல்லைக் கீழே வைத்தாள். "படிக்கிறவங்களக் கேளு, போகலாமா வேண்டாமான்னு. வீடு கட்டினவங்ககிட்ட மட்டும் கேக்காத."

அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் வீடு கட்டியவரா? அப்படியானால் இந்தப் பக்கத்தை அந்த வீட்டில் கூட இருப்பவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போங்கள். அவர் சொல்லட்டும்.